உங்களுக்குத் தெரியுமா? கீசருக்குள் ஏன் படபடவெனச் சத்தம் கேட்கிறது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டார வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் கீசருக்கு ஓய்வே கிடையாது. அருவியில் விழுவது மலையில் பெய்த மழைநீர். அதில் உப்பு குறைவு. கீசருக்குள் போகும் ஆழ்குழாய் நீரோ பாறை இடுக்குகளில் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடேறும்போது அந்தக் கால்சியம் சுண்ணாம்புப் படிவாகிக் காயிலின்மேல் ஒட்டிக்கொள்கிறது. படிவுக்குள் சிக்கிய நீர் கொதித்து ஆவியாவதுதான் அந்தப் படபடப்பு. வெந்நீரில் வெள்ளைத் துகள்கள் வந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுவே. அப்படியே விட்டால் காயில் அளவுமீறிச் சூடாகி எரிந்துபோகும். மெக்கானிக்கை அழைத்துத் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள். கூடவே மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தானே அரிபட்டுத் தேய்வதுதான் அதன் வேலை.

2 கிலோவாட் கீசர் 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் கால் மணி நேரம் போதும். அரை மணி கழித்தும் வெதுவெதுப்புதானா? தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும்.

சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து சில சொட்டுகள் விழுவது இயல்பு. ‘ஒழுகுகிறதே’ என்று அதை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது: குழாயைத் தொட்டால் சுரீரென்கிறதா? உடனே விலகுங்கள். உலர்ந்த கையால் மெயின் சுவிட்சை அணையுங்கள். எர்த்தைச் சரிபார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தும்வரை அந்தக் கீசரை யாரும் போட வேண்டாம்.