கிளமெண்டிக்கு நேர் வடக்கே

குளிர் தேடி – 8

கிளமெண்டி எம்ஆர்டி நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 103.76 டிகிரியில் இருக்கிறது. வியட்நாமின் ஃபான்சிபான் சிகரம் இருப்பது 103.77-ல். இந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2,320 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் கோடு கிழக்கே விலகுவது சுமார் ஒரு கிலோமீட்டர்தான். நம்முடைய நடைமேடையில் நின்று மூக்கை நேர் வடக்கே காட்டி நடக்க ஆரம்பித்தால், இந்தோசீனாவிலேயே உயரமான மலையில், சில குளிர்காலங்களில் பனி கொட்டுகிற ஓர் உச்சியில் போய் முட்டிக்கொள்வோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரே வரி. ஒரு ஸ்டேஷன் தள்ளி ஜூரோங் ஈஸ்ட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற ஸ்னோ சிட்டியையும், 2013 ஜூன் 25 அன்று மேற்குச் சிங்கப்பூரில் விழுந்த ஆலங்கட்டியையும் எழுதி முடித்தாயிற்று; மற்றதைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் டிசம்பர் விடுமுறையில் பனி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கான செலவு, உடுப்பு விவரம் என்று அறிவித்திருந்தேன். வரும், வரும். வியாழக்கிழமை மாலை ஆசிரியர் பக்கத்தை மூடுவதற்குள் இந்தக் கோட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

கோடு கிளமெண்டியிலிருந்து கிளம்பிப் புக்கிட் பாஞ்சாங் பக்கமாக ஏறி, ஜோகூர் கடற்பாலத்தை ஒட்டியே நீரிணையைக் கடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அந்தப் பாலத்தில் பேருந்துக்குள் சிக்கி நிற்பவர்கள், தாங்கள் பனிமலையை நோக்கித்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று ஆறுதல் கொள்ளலாம். பிறகு ஜோகூர் மாநிலத்தின் செம்பனைத் தோட்டங்கள். மெர்சிங்குக்குச் சற்று வடக்கே கடலில் இறங்கினால் திரங்கானுவையோ கிளந்தானையோ தொடுவதில்லை, நேரே கடல்தான். சிஹானூக்வில்லுக்குக் கிழக்கே கம்போடியாவில் கரையேறி, தொன்லே சாப் ஏரியைக் கடந்து, அங்கோர் வாட்டுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் மேற்கே போகிறது.

அங்கே மேற்கு பாராய் என்றொரு நீர்த்தேக்கம் இருக்கிறது. எட்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம், மனிதர்கள் கரை எழுப்பிக் கட்டியது. கோடு அதன் மேற்குக் கரையை உரசிக்கொண்டு போகிறது. பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அந்த ஏரி வேலையைத் தொடங்கியவர் என்று கருதப்படுகிற முதலாம் சூரியவர்மன்தான், கம்போஜ அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறதே, அந்த அரசன் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கிளமெண்டியிலிருந்து வடக்கே போகிற கோடு சோழர் செப்பேட்டில் வருகிற ஒருவரின் ஏரிக்கரையைத் தொட்டுவிட்டுப் போகிறபோது அதைச் சொல்லாமல் தாண்டிப் போக என்னால் முடியாது. ஆசிரியர் வெட்டினால் வெட்டட்டும்.

அதற்கு மேல் தாய்லாந்தின் வடகிழக்கு. சுரினுக்கும் சிசகெத்துக்கும் நடுவே நுழைந்து, புவெங் கான் அருகே மீகோங் ஆற்றைத் தாண்டி, லாவோஸ் மலைகளில் ஏறி வியட்நாமுக்குள் போகிறது. கடைசியில் ஹோவாங் லியென் சோன் மலைத்தொடர். அதன் தலையில் ஃபான்சிபான், 3,143 மீட்டர். 2019-ல் மறுபடியும் அளந்து இன்னும் நாலு மீட்டர் கூட்டினார்கள். உச்சியிலிருந்து சற்றுக் கிழக்கே, கீழே தெரிவது சா பா என்கிற ஊர். பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து அமைத்துக்கொண்ட மலைவாசத்தலம். நமக்கு ஊட்டி மாதிரி.

ஊட்டி என்றதும் ஒரு கணக்கு இடிக்கிறது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். சா பா ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். அவ்வளவு தாழ்ந்த ஊரில் 2013 டிசம்பர் நடுவில் கூரைகளை மூடுகிற அளவுக்குப் பனி விழுந்தது. 2016 ஜனவரியில் மறுபடியும் விழுந்தது. ஊட்டியில் விழுவது உறைபனி மட்டும்தான். மேகமில்லாத இரவில் புல்லின்மேலும் கார்க் கூரைமேலும் ஈரம் உறைந்து வெள்ளையாகப் படிகிறது, ஒன்பது மணி வெயிலுக்குக் காணாமல் போகிறது. வானத்திலிருந்து பஞ்சாக இறங்குகிற பனி தமிழ்நாட்டில் எந்த மலையிலும் இல்லை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், ஃபான்சிபானுக்கு 500 மீட்டர் குறைவு.

சா பா நிலநடுக்கோட்டிலிருந்து 22 டிகிரி வடக்கே, ஊட்டி 11 டிகிரி வடக்கே. அதனால்தான் என்று சிலர் உடனே சொல்வார்கள். பாதிதான் சரி. ராஜஸ்தானின் மவுண்ட் அபு சா பாவுக்கும் வடக்கே, 24 டிகிரிக்கு மேல் இருக்கிறது. உயரம் 1,200 மீட்டர், அதன் குரு சிகரம் 1,722 மீட்டர். ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, தண்ணீர்ச் சட்டி உறைகிறது. பனிப்பொழிவு மட்டும் கிடையாது. அந்தக் குளிர் வறண்ட குளிர். பனியாக விழுவதற்கு மேகத்தில் ஈரம் வேண்டும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். குளிர்காலத்தில் சைபீரியாவின்மேல் குளிர்ந்த, கனமான காற்று மலைபோலக் குவிகிறது. கனமான காற்றால் எழும்பிப் பறக்க முடியாது, தரையை ஒட்டியே வழிய வேண்டும். தெற்கே இந்தியாவுக்கு வரலாம் என்று பார்த்தால் திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் குறுக்கே கிடக்கிறது, அதையும் தாண்டினால் இமயம். நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டும் குளிரில் குரங்குகள் நடுங்குகின்றன, பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன; அப்படியும் அது மழைக்காலத்துக் குளிர்தான். சைபீரியக் காற்று அப்படியே வந்து நம்மைத் தொட அந்தச் சுவர் விட்டதில்லை.

கிழக்கே சுவர் இல்லை. திபெத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அந்தக் காற்று சீனா முழுவதும் வழிந்து இறங்குகிறது. 2016 ஜனவரி 24 அன்று ஹாங்காங்கில் 3.1 டிகிரி, 1957-க்குப் பிறகு அந்த ஊர் காணாத குளிர். குவாங்சோவில் பனி விழுந்தது. வடக்கு வியட்நாமுக்குள் நுழைந்த அதே காற்றுக்குமேல் தென்கடலிலிருந்து வந்த ஈரக்காற்று ஏறிப் படுத்துக்கொண்டது. சா பாவில் பனி. ஹனோய்க்குப் பக்கத்திலுள்ள, 1,300 மீட்டர்கூட இல்லாத பா வி மலையிலும் பனி. நம் ஊரிலிருந்து மூன்றரை மணி நேர விமானத்தில் போய் இறங்கும் நகரத்தின் புறத்தே!

பிறகு அந்தக் காற்று எங்கே போகிறது என்று கேளுங்கள். அங்கேயே நிற்பதில்லை. தென்சீனக் கடலுக்குள் இறங்கி இன்னும் தெற்கே வருகிறது. வெதுவெதுப்பான கடல் அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. காற்று சூடாகிறது, நீரை உறிஞ்சிக்கொண்டே வருகிறது, கடைசியில் நம் தலைமேல் வந்து அவிழ்கிறது. டிசம்பர், ஜனவரியில் திடீரென்று இரண்டு மூன்று நாள் சூரியனே தெரியாமல் நசநசவென்று பெய்துகொண்டே இருக்குமே, புளோக்குக்குக் கீழே துணி காயாது, காப்பிக்கடையில் எல்லோரும் சூடாக மைலோ கேட்பார்கள், அதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். வடகிழக்குப் பருவத்தில் இப்படி இரண்டிலிருந்து நான்கு அலைகள் வரும் என்று வானிலை ஆய்வகம் சொல்கிறது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டு நாளில் சாங்கியில் பெய்தது அந்த மாதத்தின் சராசரி மழையைவிட அதிகம். 2018 ஜனவரியில் வந்த குளிரில் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இறங்கியபோது, அலமாரியில் கிடந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன பெருமை நம்மில் பலருக்கு உண்டு.

ஆகவே நாம் ஏங்கிக்கொண்டிருக்கிற பனி நம்மைத் தேடிப் புறப்பட்டதுதான், வழியில் கடல் குறுக்கிட்டுவிட்டது என்பது என் கட்சி. வானிலை படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.0 டிகிரி, 1989 பிப்ரவரி 14 அன்று பாய லேபாரில். காதலர் தினம் வேறு. அதற்குக் கீழே நம் ஊர் இறங்கியதே இல்லை. இதே கோட்டில் நேர் தெற்கே போனாலும் பலனில்லை. சுமாத்திராவைத் தாண்டினால் அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல். பனி இருக்கிறது, போக்குவரத்துதான் இல்லை.

மாடி வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் லிஃப்ட்டில் வைத்தே விளக்கினேன். ஐந்தாம் மாடியிலிருந்து கீழ்த்தளம் வருவதற்குள் திபெத் வரைக்கும் போய்விட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. டிசம்பர்ல போனா பனி இருக்குமா, இருக்காதா? பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க, டிக்கெட் போடணும்."

"சொல்ல முடியாதுக்கா."

"அப்புறம் என்னாத்துக்குத் தம்பி இவ்வளவு நேரம் பேசினே?"

நியாயமான கேள்வி. ஃபான்சிபானில் பனி என்பது சில ஆண்டுகளில், சில நாட்களுக்கு மட்டும். விழுந்த செய்தி ஹனோயை எட்டியதும் வண்டி வண்டியாக ஜனம் கிளம்பும். இரண்டு மூன்று நாளில் உருகியும் விடும். முன்பெல்லாம் உச்சிக்குக் காட்டுவழியில் இரண்டு நாள் ஏற வேண்டும். 2016 பிப்ரவரி 2 அன்று கேபிள் கார் திறந்தார்கள். அந்தப் பெரிய பனி விழுந்து ஒன்பதே நாள் கழித்து! நீளம் 6,292 மீட்டர், கீழ் நிலையத்துக்கும் மேல் நிலையத்துக்கும் உயர வித்தியாசம் 1,410 மீட்டர், கால் மணி நேரப் பயணம். மேல் நிலையத்திலிருந்து மிச்சத்தைப் படியேறிக் கடக்கலாம், மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும்.

நிச்சயமாகப் பனி வேண்டும் என்கிற குடும்பங்கள் ஹொக்கைடோவுக்கோ கொரியாவுக்கோ போவதே நல்லது. அந்தச் செலவு கட்டாதவர்களுக்கு ஜூரோங் ஈஸ்ட் இருக்கிறது, மைனஸ் ஐந்து டிகிரி, ஒரே ஸ்டேஷன். சா பாவுக்குப் போகிறவர்கள் மலைச்சரிவின் படிப்படியான வயல்களுக்காகவும் மூடுபனிக்காகவும் போக வேண்டும். பனி கிடைத்தால் லாபம்.

லாபம் என்று எழுதிவிட்டேன், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2016-ன் அந்தக் குளிரில் வடக்கு வியட்நாமில் ஆயிரக்கணக்கான மாடுகளும் எருமைகளும் செத்தன. அங்கே ஓர் எருமை என்பது ஒரு குடும்பத்தின் உழவு. 2013-ல் காய்கறி வயல்கள் பனிக்கடியில் அழுகின. குளிர் அலை வருகிறது என்று அறிவிப்பு வந்ததும் ஹமோங் இன விவசாயிகள் எருமைகளின் முதுகில் சாக்கும் பழைய போர்வையும் கட்டி, தொழுவத்தில் தீ மூட்டி, தாழ்வான இடங்களுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எதிர்த் திசையில் மேலே ஏறுகிற சுற்றுலாப் பேருந்துகளில் நாம் இருப்போம், கையில் போனோடு.

பக்கம் முடியப்போகிறது, கோட்டும் கையுறையும் அப்படியே நிற்கின்றன. தேக்காவில் முஸ்தபாவில் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, வெப்ப உள்ளாடைக்கு எத்தனை அடுக்கு, பிள்ளைகளுக்குப் பூட்ஸ் எந்த அளவில் எடுப்பது, எல்லாம் அடுத்த வாரம் கட்டாயம். ஒரேயொரு சின்ன விஷயத்தை மட்டும் அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஜூரோங் தீவில் 2013 மே மாதம் செயல்படத் தொடங்கிய இயற்கை எரிவாயு முனையத்தின் தொட்டிகளுக்குள் மைனஸ் 162 டிகிரி. அந்தக் குளிரைக் கடல்நீரில் கரைத்துத்தான் எரிவாயு எடுக்கிறார்கள். சா பாவையெல்லாம் விடுங்கள், கிளமெண்டியிலிருந்து தென்மேற்கே எட்டிப் பார்த்தால் போதும். இரண்டு பத்தியில் முடித்துவிடுவேன்.

(தொடரும்)