எத்தனை மில்லிகிராம் சுத்தம்?

‘சுத்தம்’ என்பது நம் சமூகத்தில் என்றைக்குமே அப்பாவியான சொல்லாக இருந்ததில்லை. எது அழுக்கு, அதை எங்கே தள்ளுவது, யார் அள்ளுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் அதற்குள் இருக்கிறது. மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் மண்ணைச் சுத்தப்படுத்துவது பற்றிப் பேசும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் எந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனத்தால் இங்கே கொண்டுவரப்பட்டன. 1987-ல் யூனிலீவர் பாண்ட்ஸை வாங்கியதும் ஆலையும் கைமாறியது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை உள்ளூர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் பீப்பாயில் அடைக்க முடிந்ததுதான் கப்பலேறியது. மண்ணோடு கலந்தது இங்கேயேதான் கிடந்தது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிற உலோகம். காற்றில் போகும், மழையோடு இறங்கும், மரப்பாசியில் படியும். நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றினால் மீன் வழியாக மனித உடம்புக்குள் வரும். இப்படிப்பட்ட மண்ணைத் தோண்டியெடுத்துச் சலித்துக் கழுவுகிறார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய துகள்களில்தான் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்து மூடிய உலையில் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். தொழில்நுட்பம் தெரிந்ததுதான். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சண்டை.

ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று முதலில் பேசப்பட்டது. பிறகு அது 20 ஆயிற்று. குடியிருப்புப் பகுதிக்கு உலோகப் பாதரசம் 1 மில்லிகிராம்தான் என்கிற பிரிட்டனின் வழிகாட்டு அளவைச் சுட்டி எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள்: அங்கே 1, இங்கே மட்டும் 20-ஆ? இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே பிரிட்டனில் கனிமச் சேர்மமாக உள்ள பாதரசத்துக்கான அளவு 170. ஆக, மண்ணில் கிடப்பது எந்த வடிவம் என்று யார் சொல்கிறார்களோ அவர்கள் கையில்தான் எண்ணும் இருக்கிறது. ‘இடர் மதிப்பீடு’ என்கிற அறிவியல் சொல்லாடலுக்குள், இந்த நிலத்தில் யார் வாழப்போகிறார்கள், எவ்வளவு காலம், எதைத் தின்பார்கள் என்கிற அனுமானங்கள் புதைந்திருக்கின்றன. அனுமானம் மாறினால் விடையும் மாறும்.

இன்னொரு வாதமும் வந்தது. அளவைக் கடுமையாக்கினால் நிறைய மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்கள் சாகும், சரிவு அரிக்கும் என்று. இது பொய்யான வாதம் இல்லை. ஆலை இருந்தது பாம்பார் சோலைக்கு மேலே. அங்கிருந்து ஓடுகிற தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஆனால் சோலையின் தலைமாட்டில் பாதரச ஆலை வைத்தபோது வராத மரக்கவலை, செலவுக் கணக்குப் போடும்போது மட்டும் ஏன் வருது? அந்தக் கேள்விய கேட்கத்தான் வேணும்.

ஆலைச் சுவருக்குள் இருக்கிற நிலத்துக்காவது ஒரு எண் கிடைத்தது. அங்கே வேலை செய்தவர்களின் உடம்புக்கு? பாதரச ஆவி சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். தங்கள் நோய்க்கு ஆலையே காரணம் என்று தொழிலாளிகள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. ஆலை மூடி 15 வருஷம். மண்ணைக் கழுவலாம், உலையில் போடலாம். மனுஷனை என்ன பண்றது?

எனவே ‘எத்தனை மில்லிகிராம்’ என்பதை நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் அரசியல் வேலைதான். அந்த எண்ணோடு வாழப்போகிறவர்கள் அது முடிவாகும் அறையில் இருந்தார்களா என்பதிலிருந்து தொடங்கலாம்.