கல்யாண டிவிடியில் பாட்டி பேசுவது எந்த நிமிடம்? வீட்டு வீடியோவுக்கு 'சாப்டர்' போடுவது எப்படி?

மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ. அதில் பாட்டி கேமராவைப் பார்த்துப் பேசுவது மொத்தமே 40 விநாடி. அந்த 40 விநாடியைத் தேடி ஃபார்வர்டு பட்டனை அழுத்தி அழுத்தி, கடைசியில் பந்தியில் யாரோ சாம்பார் ஊற்றுவதில் போய் நிற்கிறோமா? அப்புறம் "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று டிஸ்க்கை மறுபடி அலமாரிக்குள் வைத்துவிடுகிறோமா?

இதற்குத் தீர்வு ரொம்ப சிம்பிள்: சாப்டர் மார்க்கர்.

சாப்டர் மார்க்கர் என்றால் என்ன?

புத்தகத்தில் பொருளடக்கம் மாதிரிதான். 'இத்தனையாவது நிமிடத்தில் இந்தக் காட்சி தொடங்குகிறது' என்ற குறிப்பு. ஒரு நேரம், ஒரு பெயர், அவ்ளோதான். வீடியோவை வெட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. படத்தின் தரம் துளியும் குறையாது. பிடிக்கவில்லை என்றால் குறிப்பை அழித்துவிடலாம். வீடியோ அப்படியே இருக்கும்.

டிவிடியில் ஏற்கெனவே இருக்குமே?

இருக்கும். ஆனால் ஸ்டூடியோக்காரர் அவசரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஆட்டோமேட்டிக்காகப் போட்டுவிட்டிருந்தால், தாலி கட்டும் காட்சி ஏழாவது சாப்டரின் நடுவில் எங்கேயாவது கிடக்கும். இன்னொரு சிக்கல், டிவிடி சாப்டருக்கு எண் மட்டும்தான் உண்டு. 'முகூர்த்தம்', 'ரிசப்ஷன்' என்று பெயர் தெரிய வேண்டுமானால் மெனு படத்தில்தான் எழுத வேண்டும். ஒரு டைட்டிலுக்கு அதிகபட்சம் 99 சாப்டர்கள் போடலாம்.

அதனால் பழைய டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கே பெயரோடு சாப்டர் போடுவதுதான் பெஸ்ட்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

இரண்டு காரணங்கள். முதலாவது, டிஸ்க். ஸ்டூடியோவில் எழுதித் தரும் சிடி, டிவிடி எல்லாம் ஒரு சாயப் பூச்சில் பதிவானவை. வெயில், சூடு, ஈரம் எல்லாம் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். விசிடியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சிடியில் பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழேதான் பதிவு இருக்கிறது. அங்கே பால் பாயின்ட் பேனா அழுத்தினாலே பிரச்சினைதான்.

இரண்டாவது காரணம் டிஸ்க்கைவிட முக்கியம். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியும். அவர்களுக்குப் பிறகு அந்த முகத்துக்குப் பெயர் இருக்காது. சாப்டர் பெயர் எழுதும் வேலை, அந்தப் பெயர்களைக் காப்பாற்றும் வேலையும்தான்.

என்னென்ன வேண்டும்?

டிஸ்க் டிரைவ் இல்லாத லேப்டாப் என்றால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று. மூன்று இலவச மென்பொருட்கள்: மேக்எம்கேவி (டிவிடியை எடுக்க), எம்கேவிடூல்நிக்ஸ் (சாப்டர் போட), விஎல்சி (பார்க்க).

ஸ்டெப் 1: டிஸ்க்கை இறக்குங்கள்

டிவிடிக்குள் இருக்கும் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முதலில் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். இதுதான் உங்கள் ஒரிஜினல். இதில் கை வைக்க வேண்டாம். பிறகு மேக்எம்கேவியில் திறந்தால், துண்டு துண்டாக இருக்கும் கோப்புகள் ஒரே எம்கேவி கோப்பாக வந்துவிடும். தரம் மாறாது. பழைய சாப்டர்களும் கூடவே வரும்.

விசிடி என்றால் 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் உள்ள 'டேட்' கோப்பைக் காப்பி செய்து, விஎல்சியின் 'கன்வெர்ட்' வசதியில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த எம்பி4ஐ எம்கேவிடூல்நிக்ஸில் போட்டால் எம்கேவி ஆகிவிடும்.

ஸ்டெப் 2: வீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

லேப்டாப்பை டிவியில் இணைத்து, பெரியவர்களை உட்கார வைத்து வீடியோவை ஓட விடுங்கள். கையில் ஒரு நோட்டு. மணி, நிமிடம், விநாடி, யார், என்ன. உதாரணமாக, 'ஒரு மணி 12 நிமிடம் 5 விநாடி, மாமா சீர் தட்டு எடுத்து வருகிறார்'. காட்சி தொடங்குவதற்கு இரண்டு, மூன்று விநாடி முன்பாகவே நேரத்தைக் குறியுங்கள். பேச்சின் முதல் வார்த்தை தப்பாது.

மூன்று மணி நேர வீடியோவுக்கு 20 முதல் 30 சாப்டர் போதும். பெண் அழைப்பு, ரிசப்ஷன், முகூர்த்தம், பந்தி போன்ற பெரிய பகுதிகளை முதலில் குறித்துவிட்டு, பிறகு ஆட்களுக்கு வாருங்கள்.

ஸ்டெப் 3: சாப்டர் போடுங்கள்

எம்கேவிடூல்நிக்ஸில் 'சாப்டர் எடிட்டர்' பகுதியில் உங்கள் எம்கேவி கோப்பைத் திறங்கள். பழைய சாப்டர்கள் இருந்தால் அழித்துவிடலாம். புதிய சாப்டர் சேர்த்து, தொடங்கும் நேரத்தையும் பெயரையும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். எல்லாம் முடித்து அதே கோப்பில் சேவ் செய்தால் வேலை முடிந்தது. வீடியோ மறுபடி கன்வெர்ட் ஆகாததால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி விஎல்சியில் 'பிளேபேக்' மெனுவில் 'சாப்டர்' என்று போனால் பட்டியல் வரும். மொபைல் விஎல்சி ஆப்பிலும் சாப்டர் விட்டு சாப்டர் தாவலாம்.

மறுபடி டிஸ்க்காகவே வேண்டுமென்றால்?

வீட்டில் டிவிடி பிளேயரை மட்டுமே பயன்படுத்தும் பெரியவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் மெனுவும் சாப்டரும் போட்டு புதிய டிஸ்க் எழுதலாம். இதில் வீடியோ மறுபடி கன்வெர்ட் ஆகலாம் என்பதால், ஒரிஜினல் காப்பி கையில் இருப்பது அவசியம். நீங்கள் குறித்த இடத்துக்கு அரை விநாடி முன்பின் தாவினால் டென்ஷன் வேண்டாம். டிவிடியில் முழுப் படமாகப் பதிவான ஃபிரேமில்தான் சாப்டர் தொடங்க முடியும்.

உறவினர்களுக்கு அனுப்புவது எப்படி?

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கி அனுப்பும். தரமும் போகும், சாப்டரும் போகும். 2 ஜிபிக்குள் இருந்தால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, டவுன்லோட் செய்து விஎல்சியில் பார்க்கச் சொல்லுங்கள்.

யூடியூப்பில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றினால் டிஸ்கிரிப்ஷனில் நேரத்தையும் பெயரையும் வரிசையாக எழுதினாலே சாப்டர் ஆகிவிடும். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று சாப்டர் வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கல்யாண வீடியோ முழுக்க ஸ்டூடியோ சேர்த்த சினிமா பாட்டுதான் ஓடும். அதற்குக் காப்புரிமை கோரிக்கை வரலாம். சில சமயம் வீடியோவே முடக்கப்படலாம். அதனால் யூடியூப்பை மட்டும் நம்பி டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம்.

முடித்த கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பிடம்.

எந்த டிஸ்க்கில் தொடங்குவது என்று குழப்பமா? உங்கள் கல்யாணத்தை விடுங்கள், அதற்கு இன்னும் சாட்சிகள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய டிஸ்க்கை எடுங்கள். அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவருக்கு இந்த ஞாயிறு மதியம் ஃப்ரீயா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.