அடிபம்பும் அதன் வைத்தியரும்

ஓர் ஊருக்குப் புதிய அடிபம்பு வந்துவிட்டால் அன்று அவ்வூரில் திருவிழாதான். பம்புக்கு மஞ்சளும் குங்குமமும் இடுவார்கள். கைப்பிடிக்கு மாலை போடுவார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்து முதல் குடம் தண்ணீரை அடித்துக் கொடுப்பார். போட்டோ பிடிப்பார்கள். திறந்து வைத்தவரின் பெயரும் தேதியும் பக்கத்துச் சுவரில் பளிச்சென்று விளங்கும். எல்லாம் சரிதான். ஆனால் அதே பம்பு ஆறு மாதத்துக்குப் பிறகு நின்றுபோய், ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, வேகாத வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட வேலை செய்து அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தால், அவருக்கு யாரும் மாலை போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. போட்டோ கிடையாது, சுவரில் பெயரும் கிடையாது. நல்ல மனசுள்ள வீடு பக்கத்தில் இருந்தால் ஒரு டம்ளர் மோர் கிடைக்கும். அவ்வளவே!

யந்திரத்தை வாங்குவது ஒரு நாள் காரியம். அதைப் பழுது பார்ப்பவரைத் தேடிப் பிடித்து, பழக்கி, ஊரோடு நிலைத்திருக்கச் செய்வது எந்நாளும் செய்ய வேண்டிய காரியம். முதலாவதற்குப் பணம் இருந்தால் போதும். இரண்டாவதற்குப் பணத்தோடு புத்தியும் மரியாதையும் வேண்டும். நம் தேசம் இந்தப் பாடத்தைக் கற்ற வரலாறு சுவையானது. அடிபம்பே அதற்கு உபாத்தியாயராக இருந்தது.

முக்கால்வாசி நின்றுபோன கதை

1966-67ஆம் ஆண்டுகளில் பீஹாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கொடிய பஞ்சம் தலைவிரித்து ஆடியது. அதையொட்டிக் கரும்பாறையையும் துளைக்கக்கூடிய யந்திரங்கள் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தன. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமாகிய யூனிசெப் இதற்குப் பெரிதும் உதவியது. தக்காணத்துப் பாறை நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டி, ஒவ்வொன்றின் மேலும் வார்ப்பிரும்புப் பம்பு ஒன்றை நிறுத்தினார்கள். அந்தப் பம்புகளோ மேல்நாட்டில் ஒரு தோட்ட வீட்டுக்காரர் தம் குடும்பத்துக்காக வைத்திருந்த பம்பின் நகல்கள். பத்துப் பேருக்காகப் பிறந்த யந்திரத்தை இருநூறு, முந்நூறு பேர் விடியற்காலை முதல் இரவு வரை அடித்தால் அது என்ன செய்யும்? 1970களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால்வாசிப் பம்புகள் ஓடாமல் நின்றிருந்தன. கிணறு இருந்தது; கிணற்றில் தண்ணீரும் இருந்தது; குடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை.

இதற்கு முதல் பரிகாரம் நல்ல பம்பு. மகாராஷ்டிரத்தில் ஷோலாப்பூர்ப் பக்கத்தில் உருவான உறுதியான பம்பு ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, யூனிசெப்பும் நம் நாட்டுப் பொறியியல் நிபுணர்களும் புதிய பம்பு ஒன்றை வகுத்தார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'இந்தியா மார்க் 2' என்று பெயர் பெற்ற அந்தப் பம்பு பிறகு லட்சக்கணக்கில் பெருகியது. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் கப்பலேறியது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் எவ்வளவு நல்ல பம்பாயினும் அதன் வாஷர் தேயத்தான் செய்யும். சங்கிலி துருப்பிடிக்கத்தான் செய்யும். அப்போது யார் வருவார்?

யாரைப் பொறுக்கி எடுப்பது?

அந்த 1970களிலேயே தமிழ்நாட்டில் மூன்றடுக்கு ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. கீழ் அடுக்கில், ஒவ்வொரு பம்புக்கும் ஊர்க்காரர் ஒருவர் காவலர். போல்ட்டு முடுக்குவதும், சங்கிலிக்கு மசகு போடுவதும், பழுது நேர்ந்தால் தபால் கார்டு எழுதிப் போடுவதும் அவர் வேலை. நடு அடுக்கில், சுமார் நூறு பம்புகளுக்கு ஒரு மெக்கானிக். மேல் அடுக்கில், சுமார் ஐந்நூறு பம்புகளுக்கு ஒரு வண்டியும் ஆட்களும் அடங்கிய ஜில்லாக் கோஷ்டி. காகிதத்தில் அழகான ஏற்பாடு. முன்பிருந்த நிலைமையை இது எவ்வளவோ சீர்செய்தது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் பெரிய பழுதென்றால் மேல் அடுக்கு வந்தாக வேண்டும். நூறடி ஆழத்தில் உள்ள வாஷரை மாற்றுவதற்காகப் பத்தடி நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தூக்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் வர வண்டி வேண்டும். வண்டி ஓடப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும்! இதற்குள் ஊர்ப் பெண்கள் எத்தனை நாள் எத்தனை மைல் நடந்திருப்பார்கள் என்று எந்த ரிஜிஸ்தரிலும் பதியப்படுவதில்லை.

ராஜஸ்தானத்தில் திலோனியா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1972இல் தோன்றிய சமூக சேவை ஸ்தாபனம் ஒன்று இதை வேறு விதமாக யோசித்தது. மூன்று அடுக்கு எதற்கு? அந்தந்த ஊர் வட்டாரத்திலேயே இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சில மாதம் பயிற்சி கொடுத்து, சுமார் முப்பது, நாற்பது பம்புகளை அவர் பொறுப்பில் விட்டுவிட்டால் என்ன? இவ்வாறு பிறந்தவர்தான் 'ஹாண்ட்பம்பு மிஸ்திரி'. பட்டம் பெற்றவரல்லர், வெளியூர்க்காரருமல்லர். பம்பு நின்றால் சந்தையில் நாலு பேர் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அதுவே பெரிய மேற்பார்வை.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா ஜில்லாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மகிளா சமாக்யா என்ற பெண் கல்வித் திட்டத்தின் மூலம் 1990களின் தொடக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கு அடிபம்பு பழுது பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். எழுத்து வாசனை அறியாதவர்கள். கனத்த குழாயைப் பெண்கள் தூக்குவார்களா என்று சந்தேகித்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர்க் குடங்களை ஆயுள் முழுவதும் தூக்கியவர்களுக்குக் கனத்தைப்பற்றி யார் பாடம் சொல்வது? பம்பு நின்றால் நடக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். பழுதின் துன்பத்தைத் தாமே அனுபவிப்பவரை அந்தப் பழுதுக்கு வைத்தியராக நியமித்தது எவ்வளவு புத்திசாலித்தனம்!

கையும் வாயும் புஸ்தகமும்

இனி, பயிற்சி. பாந்தாவில் பாடம் கரும்பலகையில் தொடங்கவில்லை. பம்பைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு உறுப்பையும் கையில் எடுத்துக் கொடுத்தே தொடங்கியது. எழுதத் தெரியாவிட்டாலும் மரை தேய்ந்ததை விரல் அறியும். வாஷர் கிழிந்ததைக் கைப்பிடியின் இலேசான ஆட்டமே சொல்லிவிடும். ஆனால் வேலை பழகிய பிறகு அந்தப் பெண்களுக்கு வேறொரு பசி உண்டாயிற்று. எந்தப் பம்புக்கு என்று என்ன போட்டோம் என்பதைத் தாமே எழுதி வைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்காக எழுத்துக் கற்றார்கள். எழுத்துக் கற்றவர்களுக்குப் படிக்கப் பத்திரிகை வேண்டுமே! 'மகிளா டாகியா' என்ற சிறு பத்திரிகையைப் பெண்களே தயாரித்தார்கள். அந்த அனுபவத்தின் வழியில் 2002இல் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை பிறந்து, நாடறிந்த பெயர் பெற்றது. ஸ்பானர் பிடித்த கையிலிருந்து பேனா பிறந்த அதிசயம் இது. உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் நமக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

எழுத்தறியாதவர்களுக்குத்தான் இப்படிக் கையாலும் வாயாலும் கற்பிக்க வேண்டும், படித்தவர்களுக்குக் கையேடு ஒன்று போதும் என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியாரும் அவ்வாறே நினைத்தார்கள். நகல் எடுக்கும் யந்திரங்களைச் சீர்செய்ய ஊர் ஊராகச் செல்லும் தம் சிப்பந்திகளுக்கு விரிவான கையேடுகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் அறிஞர் 1980களில் அந்தச் சிப்பந்திகளோடு கூடவே சுற்றிப் பார்த்தார். தாம் கண்டதை 1996இல் புஸ்தகமாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன? கையேட்டில் இல்லாத பழுதுகள் ஏராளம். அவற்றைச் சிப்பந்திகள் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் தீர்த்தார்கள். காலைச் சிற்றுண்டியின்போதும் மத்தியானச் சாப்பாட்டின்போதும் ஒருவர் தாம் பட்ட பாட்டைச் சொல்வார். மற்றவர் அதைத் தம் அனுபவத்தோடு ஒட்டவைப்பார். மேலதிகாரியின் கண்ணுக்கு வெட்டிப் பேச்சாகத் தோன்றியதுதான் உண்மையான பள்ளிக்கூடம்! பிற்பாடு அந்தக் கம்பெனியாரே சிப்பந்திகளின் யுக்திகளைத் திரட்டிப் பொதுவில் வைக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு யுக்தியையும் சக சிப்பந்திகளே பரிசீலித்தார்கள். கண்டுபிடித்தவரின் பெயரும் அதனோடு பதிவாயிற்று. பெயர் பதிந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் போய்விடுகிறார்கள்?

நல்ல மெக்கானிக் ஒருவர் வேலையை விட்டுப் போனால், "சம்பள ஆசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சம்பளம் ஒரு காரணந்தான். குறைந்த சம்பளமும் தாமதமாக வந்தால் எந்த மனிதர் பொறுப்பார்? ஆனால் வேறு காரணங்களும் இருக்கின்றன.

முதலாவது, பையில் சாமான் இல்லாமல் அனுப்பப்படுவது. ஐந்து மைல் சைக்கிள் மிதித்துப் போகிறார். பழுதைக் கண்டுபிடித்தும் விடுகிறார். மாற்ற வேண்டிய வாஷர் கிடங்கிலேயே இல்லை. காலிக் குடத்தோடு நிற்கும் பெண்கள் யாரை ஏசுவார்கள்? கிடங்கு அதிகாரியையா? எதிரே நிற்பவரைத்தான். பிறர் குற்றத்துக்குத் தாம் வசவு வாங்கிக்கொள்வதைப்போல் ஒரு தொழிலாளியின் மனத்தை உடைப்பது வேறில்லை.

இரண்டாவது, கூலியைக் கணக்கிடும் முறை. பழுது ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், பம்பு அடிக்கடி கெட்டால்தான் அவர் வீட்டு அடுப்பு எரியும். ராஜஸ்தான மிஸ்திரிக்கோ பம்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பம்பு கெடாமல் இருந்தால் அலைச்சல் மிச்சம். இங்கே தொழிலாளியின் லாபமும் ஊரின் லாபமும் ஒரே திசையில் நடக்கின்றன.

மூன்றாவது, வேலையே முதுகை முறிப்பதாக இருப்பது. இதற்கு நம் நிபுணர்கள் நல்ல வழி கண்டார்கள். 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்திலேயே சோதித்து உருவாக்கிய 'மார்க் 3' பம்பில், கீழே இறங்கும் குழாயை அகலமாக்கினார்கள். அதனால் குழாய்கள் அனைத்தையும் தூக்காமலே, உள்ளேயுள்ள பிஸ்டனை மட்டும் மேலே இழுத்துவிடலாம். சீக்கிரம் தேயும் தோல் வாஷருக்குப் பதில் ரப்பர் வாஷர் வந்தது. குழாயின் விலை கூடியது உண்மை. ஆனால் வண்டியும் கோஷ்டியும் செய்த வேலையை ஊர் மெக்கானிக் ஒருவர் ஓர் உதவியாளோடு செய்ய முடிந்தது. மனிதரை யந்திரத்துக்கு ஏற்றவாறு வளைப்பதோடு நில்லாமல், யந்திரத்தையும் மனிதருக்கு ஏற்றவாறு வளைக்கலாம் என்பதற்கு இது சான்று.

நான்காவது, ஏணி இல்லாமை. இருபது வருஷம் கைதேர்ந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே இடம். மேலே போக வேண்டுமானால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார வேண்டும். மிகச் சிறந்த கையை வேலையிலிருந்து அகற்றுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. மூத்த மெக்கானிக்கைப் புதியவர்களுக்குக் குருவாக நியமித்து, அதற்கென்று தனிச் சம்பளம் கொடுத்தால் அவர் ஏன் போகிறார்?

நம் வீட்டு வாசலில்

இன்று பல ஊர்களில் அடிபம்பின் இடத்தை மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக் குழாயும் பிடித்துவிட்டன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கமே வீட்டுக்கு வீடு குழாய் என்பதுதான். யந்திரம் மாறிற்று, கேள்வி மாறவில்லை. பட்டணத்து வீடுகளிலும் அதே கதைதான். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, லிப்டு, கூரைமேல் சூரிய மின்தகடு என்று சாமான்கள் பெருகிவிட்டன, அவற்றைச் சீர்செய்ய வரும் இளைஞரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவைத்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அதட்டுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் நாம் தினமும் காண்பது ஒன்று உண்டு. 1950இல் தொடங்கிய கைத்தொழில் பயிற்சித் திட்டத்தின் பயனாக, நாடெங்கும் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பிட்டர், எலக்ட்ரீஷியன் முதலிய தொழில்களை அங்கே இரண்டு வருஷம் முறையாகக் கற்பிக்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிற்சாலைகளில் அப்பிரண்டீஸாகப் பழகவும் வழி உண்டு. ஆயினும் பெற்றோர்கள் அந்தப் பெயரை எப்போது உச்சரிக்கிறார்கள்? மார்க்குக் குறைந்த பிள்ளையைப் பயமுறுத்தும்போதுதான்! "படிக்காவிட்டால் ஸ்குரூ டிரைவர் பிடிக்கத்தான் போவாய்" என்று வீட்டில் கேட்டு வளரும் பையன் அந்தத் தொழிலை எப்படி விரும்பி ஏற்பான்? ஏற்றாலும் எப்படி நிலைப்பான்? ஆள் கிடைக்கவில்லை என்ற நம் புலம்பலுக்கு விதை நம் வீட்டுக் கூடத்திலேயே விழுகிறது.

ஆகையால் நேயர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பழுது பார்க்க வருபவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அவர் வேலை செய்யும்போது உங்கள் குழந்தைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, ஜனவரி 26 அன்றோ ஆகஸ்டு 15 அன்றோ கிராம சபை கூடும்போது, புதிய மோட்டாரும் புதிய குழாயும் வேண்டுமென்று கேட்க நிறையப் பேர் எழுந்திருப்பார்கள். நீங்கள் எழுந்து இதைக் கேளுங்கள்: "நம் ஊர்த் தண்ணீரைக் கவனிப்பவர் யார்? அவர் பையில் வாஷர் இருக்கிறதா? அவருக்குப் போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா?"