கோழிகளைத் தாக்கும் சால்மோனெல்லா கிருமியும் அதை உயிர்முறையால் அடக்கும் வழிகளும்

திருவாரூர் ஜில்லாவில் நெல் சாகுபடியே பிரதானமான தொழிலாயினும், குடியானவர் வீடுகளில் கோழி வளர்ப்பும் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. களத்தில் சிந்தும் நெல்லையும் எருக்குழியிலுள்ள புழுக்களையும் தின்று வளரும் சில கோழிகள், வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்குப் பணம் தருகின்றன. இப்பொழுது அம்மட்டில் நில்லாமல், பொரிப்பகங்களிலிருந்து நூறு, இருநூறு என்று ஒருநாட் குஞ்சுகளை வாங்கிக் கொட்டகையிலிட்டு வளர்ப்போரும் உண்டு. இவ்வாறு வாங்கிய குஞ்சுகள் முதல் 3 வாரங்களுக்குள் கூட்டமாக மடிந்து, போட்ட முதலும் திரும்பாமற் போவதுண்டு. இந்நஷ்டத்தின் காரணங்களில் முக்கியமானதொன்று சால்மோனெல்லா என்னும் நுண்கிருமியாகும். அதற்கு அஞ்சி, குஞ்சு வந்திறங்கிய அன்றே குடிநீரில் ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்து வைப்போர் பலர். அவ்வழக்கம் தீங்கு விளைவிப்பது எவ்வாறு, அதற்குப் பதிலாக உயிருள்ள பொருள்களைக் கொண்டே இக்கிருமியை அடக்குவது எவ்வாறு என்பவை கீழே விவரிக்கப்படுகின்றன.

நோயின் தன்மை

சால்மோனெல்லாவில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் பறவைகளையே சிறப்பாகப் பீடிப்பவை இரண்டு. புல்லோரம் என்னும் இனம் இளங்குஞ்சுகளைத் தாக்கும். குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு, வெப்பத்தை நாடி ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். வெண்மையான கழிச்சல் ஆசனவாயில் ஒட்டி உலர்ந்திருக்கும். காலினாரம் என்னும் இனம் பெரும்பாலும் வளர்ந்த கோழிகளைத் தாக்கி, கொண்டை வெளுக்கவும் மஞ்சட் பச்சை நிறமாகக் கழியவும் செய்யும். நோய்க்குத் தப்பிப் பிழைத்த பெட்டை, பார்வைக்குச் சௌக்கியமாக இருந்துகொண்டே, தான் இடும் முட்டையின் மூலம் குஞ்சுக்கு நோயைக் கொடுக்கும். இதுவே இந்நோயின் பெரும் சூழ்ச்சி.

என்டெரிட்டிடிஸ், டைபிமூரியம் என்னும் வேறிரண்டு இனங்கள் வளர்ந்த கோழியைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. ஆனால் அக்கோழியின் முட்டையையோ இறைச்சியையோ சரிவர வேகவைக்காமல் உண்ணும் மனிதருக்கு வாந்தி, பேதி, சுரம் உண்டாகும். குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் இது உயிருக்கே அபாயமாக முடிவதுண்டு. மனிதரின் டைபாய்டு சுரம் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியால் வருவது. அது கோழியிலிருந்து வருவதன்று.

கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்குவது பெரும்பாலும் ராணிக்கெட் நோயேயாகும். அது வைரஸால் உண்டாவது. அதற்கு ஆன்டிபயாடிக் மருந்து எதுவும் பயன்படாது. இரண்டு நோயிலும் கழிச்சல் வெளுத்திருப்பதால், பரிசோதனையின்றி மருந்து வாங்குவோர் பணத்தை வீணே இழக்கின்றனர்.

மருந்தினால் விளையும் கேடு

ஆன்டிபயாடிக் மருந்து சாவைக் குறைக்கலாம். ஆனால் பிழைத்த கோழியின் உடலிலிருந்து கிருமியை முற்றும் அகற்றிவிடுமென்று நம்புவதற்கில்லை. மேலும், சிறிதளவாக நெடுநாள் கொடுக்கும் மருந்து, பலவீனமான கிருமிகளை மட்டும் கொன்று, எதிர்த்து நிற்க வல்லவற்றை மிச்சம் வைக்கிறது. அவையே பெருகி, தம் எதிர்ப்புச் சக்தியை வேறு இனக் கிருமிகளுக்கும் அளிக்கின்றன. பிற மருந்துகள் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்தையே எதிர்க்கும் இயல்பு, ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015-ல் சீனாவில் வெளிப்பட்டது. இந்திய அரசாங்கம் 2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில், உணவுக்கான பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் அம்மருந்தை உபயோகிப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை அடியோடு நிறுத்தியது.

பொரிப்பகக் குஞ்சு எளிதில் நோயுறுவதேன்

பஞ்சாரத்தில் தாயுடன் வளரும் குஞ்சு, தாய் கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தும்போதே எண்ணற்ற நற்கிருமிகளைத் தன் குடலில் ஏற்றுக்கொள்கிறது. பொரிப்பகக் குஞ்சு தாயைக் காண்பதேயில்லை. அதன் குடல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. நடவு தவறிய வயலில் கோரையும் களையும் முந்திக்கொள்வது போல, வெறுமையான குடலில் முதலில் நுழைந்த சால்மோனெல்லா வேரூன்றுகிறது. பிறந்த சில நாட்களில் மிகச் சில கிருமிகளே இதற்குப் போதும். அந்நிலையில் ஆன்டிபயாடிக் கொடுப்பது, களையுடன் நாற்றையும் சேர்த்துப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த உண்மையைப் பரிசோதித்துக் காட்டியவர்கள் பின்லாந்து தேசத்து நூர்மி, ரந்தாலா என்னும் அறிஞர்கள். 1971-ல் அந்நாட்டுக் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பெரிதும் பரவிற்று. ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடற்பொருளை ஒருநாட் குஞ்சுகளுக்குப் புகட்டினால், பின்னர் அக்கிருமி அவற்றை எளிதில் பற்றுவதில்லை என்று அவர்கள் 1973-ல் வெளியிட்டனர். நற்கிருமிகள் குடற்சுவரில் இடம் பிடித்துக்கொள்கின்றன. கிடைக்கும் ஆகாரத்தைத் தாமே உட்கொள்கின்றன. பகைக்கிருமிக்கு ஒவ்வாத புளிப்பு அமிலங்களையும் உண்டாக்குகின்றன. 1998-ல் அமெரிக்க அரசாங்கம், 29 வகைக் கிருமிகள் அடங்கிய இத்தகைய கலவை ஒன்றை அங்கீகரித்தது. நெல் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து குலைநோயைத் தடுக்கும் குடியானவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

எனினும் இதற்கு வரம்புகள் உண்டு. சால்மோனெல்லா முந்திக் குடியேறிவிட்டால் பலன் மிகக் குறைவு. ஆகையால் முதல் நாளிலேயே கொடுக்க வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக் கொடுத்தால் நற்கிருமிகளும் மடியும். ஏதோ ஒரு கோழியின் எச்சத்தை எடுத்துக் கரைத்துக் கொடுப்பது ஆபத்தாகும். அக்கோழியே நோயைச் சுமந்திருக்கலாம். நற்கிருமிப் பொடி வாங்குவோர் அதன் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, குளோரின் கலவாத சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். குளோரின் அக்கிருமிகளையும் கொன்றுவிடும். மோர் கொடுப்பதில் தீங்கில்லை. ஆயினும் தயிரிலுள்ள கிருமிகள் பெரும்பாலும் கோழியின் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. ஆகவே அதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

கிருமியைத் தின்னும் பேஜ்

பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்கள் உண்டு. 1917-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் டெரெல் என்பவர் இவற்றுக்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். 1919-ல் அவர் பிரான்ஸ் கிராமங்களில் கோழி டைபாய்டுக்கு இவற்றைப் பிரயோகித்தார். 1927-ல் பஞ்சாபில் காலராவுக்கும் பரீக்ஷித்தார். அதற்கு முன்பே, 1896-ல் கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதாக ஹான்கின் என்பவர் எழுதியிருந்தார். பேஜே அதற்குக் காரணமென்று பிற்காலத்தார் கருதினர்.

பேஜ் தனக்குரிய கிருமியை மட்டுமே தாக்கும், நற்கிருமிகளைத் தீண்டாது. இது அதன் குணம். ஒரு பேஜ் எல்லாச் சால்மோனெல்லாவையும் தாக்காது. கிருமியும் விரைவில் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். இது அதன் குறை. ஆகவே பல பேஜ்களைக் கலந்தே உபயோகிக்கின்றனர். குடலில் கிருமியின் தொகையைச் சில நாட்களுக்குக் குறைப்பதிலும், இறைச்சியின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதிலும் இது பயன்படும். மந்தையிலிருந்து நோயை அடியோடு ஒழித்துவிடும் என்று எண்ணலாகாது.

தடுப்பூசியும் தேர்ந்தெடுத்தலும்

பிரிட்டனில் 1980-க்குப் பின் முட்டையால் சால்மோனெல்லா நோய் பெருகி, 1988-ல் நாடெங்கும் பீதி உண்டாயிற்று. 1998 முதல் சிங்க முத்திரைத் திட்டத்தின் கீழ் முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. தாய்ப்பண்ணைகளின் சுத்தமும் கண்காணிக்கப்பட்டது. நோயாளிகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. 2017-ல், அம்முத்திரையுள்ள முட்டையை அரைவேக்காடாகக் கர்ப்பிணிகளும் உண்ணலாமென்று அந்நாட்டு உணவு அதிகாரிகள் அறிவித்தனர்.

புல்லோரம் நோய்க்கு, நோய் சுமக்கும் பெட்டையைக் கண்டு விலக்குவதே சிறந்த வழி. ஒரு துளி இரத்தத்துடன் நிறமூட்டிய பரிசோதனைத் திரவத்தைக் கலந்தால், நோயுள்ள கோழியின் இரத்தம் சில நிமிஷங்களுக்குள் திரிதிரியாகத் திரளும். இப்பரிசோதனை நடைபெறும் தாய்ப்பண்ணையின் குஞ்சுகளையே வாங்குதல் உத்தமம்.

குடியானவர்கள் அனுசரிக்க வேண்டியவை

மேற்கண்ட முறைகளில் எதுவும் சுத்தத்திற்கு ஈடாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்பகுதியின் கொட்டகைகளில் ஈரம் தங்குகிறது. ஈரமான படுக்கையில் கிருமி நெடுநாள் வாழும். தரையை மேடாக்கி, உலர்ந்த உமியைப் பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் அகற்ற வேண்டும். எலிகள் இக்கிருமியைச் சுமந்து திரிவதால் தீவனத்தை மூடி வைத்தல் அவசியம். சம்பா அறுவடைக்குப் பின் தாளடியில் மேய வரும் வாத்துகளும் நோய்க்குறியின்றி இதைச் சுமக்கக்கூடும். அவை இறங்கிய வாய்க்கால் நீரைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாகாது.

குஞ்சுகள் மடியத் தொடங்கினால், இறந்த ஒன்றைச் சிதையாமல் உறையிலிட்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கோ, ஜில்லாவின் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில் சொன்ன நாள்வரை கொடுத்து, அவர் குறிப்பிடும் கெடு தீரும்வரை முட்டையையும் கோழியையும் விற்காதிருக்க வேண்டும். இறந்த கோழிகளை வாய்க்காலில் எறிவது ஊர் முழுவதற்கும் கேடு. அவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கச் செய்வதும், கூட்டமாகச் சாவு நேர்ந்தால் உடனே கால்நடைப் பராமரிப்பு இலாகாவுக்கு அறிவிப்பதும் கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய பேருதவியாகும்.

அடுத்த தொகுதிக் குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் விலையை மட்டும் விசாரியாமல், தாய்ப்பண்ணையில் புல்லோரம் பரிசோதனை நடந்ததா, குஞ்சுக்கு மருந்து ஏதும் கொடுக்கப்பட்டதா என்ற இரண்டையும் கேட்டறிந்து, நற்கிருமிப் பொடியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்களாக. முதல் நாள் தவறினால் அப்பொடியால் கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி தவறிப்போகும்.