மலையேறும் லாரியும் கொதிக்கும் நீரும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளம் செல்லும் பாரலாரிகள், லோயர் கேம்ப்பைக் கடந்து, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளிக்கு ஏறுகின்றன. ஏற்றத்தில் வேகம் குறைவதால் ரேடியேட்டரில் மோதும் காற்று குறைகிறது. எஞ்சினின் வெப்பமோ மிகுகிறது. விசிறியும் நீர்ப்பம்பும் பெரும்பாலும் எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குகின்றன. ஆகவே, எஞ்சின் திணறுமுன் கீழ்க் கியருக்கு மாறுதல் வேண்டும். மேல் கியரிலேயே இழுத்தால் விசிறியும் தளரும்.

வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால், ஓரமாக நிறுத்துங்கள். நீர் ஒழுகாதிருந்தால், எஞ்சினைச் சிறிது நேரம் பாரமின்றி ஓடவிடுங்கள். நீரோட்டம் வெப்பத்தைச் சீராகத் தணிக்கும். ஒழுகினால் உடனே அணைத்துவிடுங்கள்.

எவ்வாறாயினும் சூட்டில் மூடியைத் திறவாதீர்கள். அழுத்தத்தால் 100 பாகை செல்சியசுக்கு மேலும் கொதியாது அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே ஆவியாய்ச் சீறும். அரைமணித் தாமதம் பொறுத்துக்கொள்ளத் தக்கது. வெந்த கண் மீளாது.