இரண்டாம் குழுவில் இருக்கும் பிள்ளை

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழா நமது கொழும்பு மாநகரில் நடைபெற்றது. அவ்விழாவுக்கு வந்த இந்திய ஹொக்கிக் குழுவில் பதினெட்டு வயது நிரம்பிய கோல்காப்பாளர் ஒருவர் இருந்தார். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கிழக்கம்பலம் என்னும் ஊரைச் சேர்ந்த அவ்விளைஞரின் பெயர் ஸ்ரீஜேஷ். தம் நாட்டின் முதற்குழுவுக்காக அவர் ஆடத் தொடங்கியது இங்கேதான். அன்று மைதானத்துக்குச் சென்ற நம்மவர்கள் அவரை விசேடமாகக் கவனித்திருக்கக் காரணம் ஏதுமில்லை. பின்னாளில் டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கங்களை வென்று, உலகின் தலைசிறந்த கோல்காப்பாளர் என்ற விருதை ஒருமுறைக்கு மேல் பெறப்போகிறவர் அவரே என்பதை யார்தாம் ஊகித்திருக்க முடியும்?

ஆனால் நாம் இங்கு எடுத்துக்கொண்டது அவர் பெற்ற விருதுகளையன்று. கொழும்பில் முதன்முதலாக ஆடியதற்கும் குழுவில் தமக்கென ஓர் இடத்தை நிலைநாட்டியதற்கும் இடையே கழிந்த ஆண்டுகளையே. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்! ஏட்ரியன் டி சூசா, பரத் செத்ரி ஆகிய மூத்த காப்பாளர்கள் முன்னே நிற்க, இவர் மேலே அழைக்கப்படுவதும் மறுபடி இளையோர் குழுவுக்கும் உள்நாட்டு ஆட்டங்களுக்கும் திரும்புவதுமாக இருந்தார். 2008இல் இளையோருக்கான ஆசியக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல்காப்பாளர் எனத் தெரிவானார். 2011இல் சீனாவில் நடைபெற்ற ஆசிய வாகையர் போட்டியின் இறுதியாட்டத்தில், பாகிஸ்தான் வீரர்கள் அடித்த தண்ட அடிகளில் இரண்டைத் தடுத்து வெற்றி தேடித்தந்தார். அதன்பின்னரே அவர் பெயர் நிலைத்தது. அவருக்குக் காப்பாளரின் கவச உடைகள் வாங்குவதற்காக, விவசாயியான தந்தை வீட்டுப் பசுவை விற்ற கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பசுவை விற்ற வீட்டில் அந்த ஐந்து ஆண்டுகளும் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை நம் தாய்தந்தையர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் "இரண்டாம் பதினொருவர்" என்ற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. பிள்ளை முதற்குழுவில் இருக்கிறான் என்றால் உறவினருக்கெல்லாம் தெரிவிக்கிறோம். இரண்டாம் குழுவில் இருக்கிறான் என்றால், "அடுத்த வருடம் எடுப்பார்கள்" என்று மெல்லச் சொல்லிப் பேச்சை மாற்றுகிறோம். கொட்டாஞ்சேனையில் நாம் அறிந்த ஒரு வீட்டில் இது நேர்ந்தது. பதினைந்து வயதுப் பையன், நல்ல கோல்காப்பாளன். அவனை மூத்தோர் குழுவுக்கு உயர்த்தினார்கள். வீட்டில் பாற்சோறு பொங்கினார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவன் மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றான். தன் வயதுக் குழுவில் இருந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் முகத்துக்கு நேரே பந்து வந்திருக்கும். மூத்தோர் குழுவில் அவனுக்குக் கிடைத்தவை அழகிய சட்டையும் புகைப்படத்தில் ஓர் இடமும். அடுத்த ஆண்டு அவனுடைய முறை வந்தபோது கைகால்கள் பழக்கத்தை மறந்திருந்தன.

இளம் வீரனை எப்பொழுது மேலே அனுப்புவது என்னும் கேள்வி உலகெங்கும் உள்ளதே. இக்கேள்விக்கெனவே ஒரு முழு லீக்கை அமைத்து நடத்துபவர்கள் வட அமெரிக்கப் பனித்தள ஹொக்கியினர். அங்கு பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு. புல்தரைக்குப் பதிலாகப் பனிக்கட்டித் தளம். காலில் சறுக்குக் கத்தி. நமக்கு அந்நியமான ஆட்டந்தான். ஆயினும் அவர்கள் பிள்ளைகளை வளர்க்கும் முறையில் நாம் அறியவேண்டியது உண்டு.

உச்சியில் இருப்பது தேசிய ஹொக்கி லீக். அதில் 32 கழகங்கள். அதற்கு அடுத்த படியில் 1936இல் தோன்றிய அமெரிக்க ஹொக்கி லீக். அங்கும் 32 கழகங்கள். மேலுள்ள ஒவ்வொரு கழகத்துக்கும் கீழே ஒரு கழகம் இணையாக இருக்கிறது. பதினெட்டு வயதில் ஓர் இளைஞனை மேற்கழகம் தெரிவுசெய்யும். ஆனால் உடனே களத்தில் இறக்குவது அபூர்வம். கனிஷ்ட லீக்கிலோ பல்கலைக்கழகத்திலோ சில ஆண்டுகள், பிறகு இணைக்கழகத்தில் சில ஆண்டுகள் என்று படிகள் செல்லும். மேல் லீக்கில் ஆடுவோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இந்தக் கீழ் லீக்கின் வழியாக வந்தவர்களே. கீழ் லீக் முதியோரால் நிரம்பிவிடாதபடி விதி ஒன்றும் உண்டு: கோல்காப்பாளர்கள் நீங்கலாக ஓர் ஆட்டத்துக்கு உடையணியும் 18 பேரில் 13 பேராவது அனுபவம் குறைந்த, வளர்ந்துவரும் ஆட்டக்காரராக இருத்தல் வேண்டும்.

இதன் காரணம் எளிது. மேற்குழுவின் நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கு ஓர் ஆட்டத்தில் எட்டோ பத்தோ நிமிடங்கள் கிடைக்கும். அவனே கீழ்க்குழுவில் முதல் வரிசையில் நின்றால் இருபது நிமிடங்கள் ஆடுவான். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியேறியிருக்கும் நெருக்கடியான கணங்களில் வட்டு அவன் கோலுக்கே வரும். தவறு செய்தால் மறுநாளே திருத்திக்கொள்ள வேறோர் ஆட்டம் இருக்கும்.

இந்தப் பொறுமையில் பேர்பெற்றது டெட்ரொயிட் நகரத்துக் கழகமான ரெட் விங்ஸ். அதன் இணைக்கழகம் கிரான்ட் ரப்பிட்ஸ் நகரில் இருக்கும் கிரிபின்ஸ். இரண்டு நகரங்களுக்கும் இடையே உள்ள தூரம் நாம் கொழும்பிலிருந்து வவுனியா போகும் தூரமளவே. 1997 முதல் 2019 வரை டெட்ரொயிட் கழகத்தின் பொதுமுகாமையாளராக இருந்த கென் ஹொலண்ட், இளைஞர்கள் கனிந்தால் மட்டும் போதாது, அதற்கும் மேலாகச் சற்றுக் கனியட்டும் என்ற கொள்கையுடையவர். முற்றாத காயைப் பறித்துப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் மாம்பழ வியாபாரிகளை அறிந்த நமக்கு அவர் கருத்தை விளக்கவேண்டியதில்லை.

ஜிமி ஹவார்ட் என்னும் கோல்காப்பாளரை 2003இல் அக்கழகம் தெரிவுசெய்தது. பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 2005இல் கிரான்ட் ரப்பிட்ஸ் சென்ற அவர் நான்கு பருவங்கள் அங்கேயே இருந்தார். இடையில் ஒருசில ஆட்டங்களுக்கு மட்டும் மேலே அழைத்தார்கள். பின்பு திருப்பி அனுப்பினார்கள். 2009இல், இருபத்தைந்தாம் வயதில், மேற்கழகத்தில் நிலையான இடம் கிடைத்தது. முதற்பருவத்திலேயே 37 வெற்றிகளுக்குக் காவல் நின்றார். கோல்காப்பாளர்கள் தாமதமாகவே முதிர்வார்கள் என்று அத்துறையினர் சொல்வதற்கு இவரும் ஸ்ரீஜேஷும் நல்ல சான்றுகள்.

குஸ்தாவ் நிக்விஸ்ட் என்னும் சுவீடன் நாட்டு முன்கள வீரரின் கதை இன்னும் சுவையானது. 2013இல் கிரிபின்ஸ் கழகம் தன் லீக்கின் கோல்டர் கிண்ணத்தை வென்றபோது அவரும் ஸ்லோவாக்கியரான டோமாஸ் டாட்டரும் அக்குழுவில் இருந்தார்கள். இருவரும் மேலே செல்லத் தகுதி பெற்றவர்கள். ஆனால் அடுத்த பருவத் தொடக்கத்தில் மேற்குழுவில் இடம் குறைவு. குறித்த அளவு அனுபவம் பெற்றுவிட்ட வீரரைக் கீழே அனுப்ப விரும்பினால், முதலில் மற்றக் கழகங்கள் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. டாட்டர் அந்த எல்லையைக் கடந்திருந்தார், நிக்விஸ்ட் கடக்கவில்லை. எனவே டாட்டர் மேலே தங்க, நிக்விஸ்ட் கீழே சென்றார். திறமையினாலன்றி விதியின் ஒரு வரியினால் நேர்ந்த பிரிவு அது! எவருக்கும் மனம் கசந்திருக்கும். அவரோ பதினைந்து ஆட்டங்களில் ஏழு கோல்களைப் போட்டார். நவம்பரில் மேலே அழைத்தார்கள். எஞ்சிய பருவத்தில் 57 ஆட்டங்களில் 28 கோல்கள்!

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. டெட்ரொயிட் கழகம் பொறுமையாக இருக்க முடிந்ததற்குக் காரணம் மேற்குழுவில் பெரும் வீரர்கள் நிறைந்திருந்ததே. தொடர்ந்து 25 பருவங்கள் இறுதிச்சுற்றுக்குத் தகுதிபெற்ற கழகம் அது. மூத்தவர்கள் ஓய்வுபெற்றபின் அத்தொடர் 2017இல் அறுந்தது. இளைஞர்களை மிக நீண்டகாலம் கீழே வைத்திருந்தார்கள் என்று குறைகூறியவர்களும் அப்பொழுது பலர். அதுமட்டுமன்று. கீழ் லீக்கில் ஆடுவோரில் கணிசமானோர் ஒருபோதும் மேலே செல்வதில்லை. முப்பது வயதைக் கடந்தும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று ஆடி, புதிதாக வரும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தொழிலைக் கற்பித்து ஓய்ந்துபோகிறார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் எந்தப் பெற்றோரும் இதை முன்னரே அறிந்துவைத்தல் நன்று.

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி, கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடியாக ஹொக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் ஹொக்கி விடுதியில் பிள்ளைகள் தங்கிப் படித்து, செயற்கைத் தளத்தில் பயிற்சி பெறுகிறார்கள். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அங்கிருந்து எழுந்தவர்கள்.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜகார்த்தாவில் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. இந்தியா தன் மூத்த வீரர்கள் பெரும்பாலோரை அனுப்பவில்லை. இளைஞர் நிறைந்த குழுவொன்றை, முன்னாள் தலைவர் சர்தார் சிங்கின் பயிற்சியில் அனுப்பியது. "இரண்டாந்தரக் குழு" என்று சிலர் முணுமுணுத்தார்கள். கோவில்பட்டி விடுதியின் இரு பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது அந்த இரண்டாந்தரக் குழுவினால்தான். பாகிஸ்தானுக்கு எதிரான முதலாட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். குழு வெண்கலப் பதக்கத்துடன் திரும்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சென்னை எழும்பூர் மைதானத்தில், ஆசிய வாகையர் போட்டியின் அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக இந்தியா போட்ட ஐந்து கோல்களில் ஒன்று அவருடையது. தமிழ்நாட்டு இரசிகர்கள் முன்னிலையில் முழுமையான தேசியக் குழுவுடன் ஆடி, கிண்ணத்தையும் வென்றார்.

கதை அத்தோடு ஏறுமுகமாகவே சென்றது என்று எழுத நமக்கும் ஆசைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் குழுவில் அவர் பெயர் இடம்பெறவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கிய ஹொக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் குழுவுக்காக ஆடினார். அந்த லீக்கிலும் ஒரு நல்ல விதி வைத்தார்கள்: ஒவ்வொரு குழுவின் 24 பேரில் நால்வராவது இளையோர் பிரிவு இந்திய வீரராக இருக்கவேண்டும். ஜேர்மனியரும் ஒல்லாந்தரும் அவுஸ்திரேலியரும் கூட ஆடும் களத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குவது, அமெரிக்கக் கீழ் லீக்கின் விதிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றே நமக்குப் படுகிறது.

நம் நாட்டில் ஹொக்கியின் தாயகம் எனப் போற்றப்படுவது மாத்தளை. பாடசாலைதோறும் கோலேந்திய பிள்ளைகளை அங்கே காணலாம். நமக்குக் குறை பிள்ளைகளிடத்திலன்று. பாடசாலை முடிந்ததும் அடுத்த படி எங்கே என்பதே கேள்வி. பத்தொன்பது வயதில் பாடசாலைச் சட்டையைக் கழற்றுபவன் தொழில் தேடவேண்டும். இடையிடையே கழக ஆட்டமொன்று கிடைத்தால் உண்டு. ஹவார்ட்டுக்குக் கிடைத்தது போன்ற நான்கு பருவங்கள் அவனுக்கு இல்லை. நெடுங்காலம் காத்திருக்கச் சொல்வது எளிது. காத்திருக்கும் காலத்தில் ஆடுவதற்கு ஆட்டங்களும் உண்பதற்கு ஊதியமும் இருந்தாலன்றோ அது காத்திருத்தல்? அவையில்லாத இடத்தில் பிள்ளை வெறுமனே வயது ஏறிக்கொண்டிருப்பான்.

எனவே, பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி, "முதற்குழுவில் எப்பொழுது எடுப்பீர்கள்?" என்பதன்று என நினைக்கிறோம். "இந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் முழுமையாக ஆடுவான்? அவன் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர் யார்?" என்று கேளுங்கள். விடை தெளிவாகக் கிடைத்தால் மூன்றாம் குழுவாயினும் கவலையில்லை. கிடைக்காவிட்டால் முதற்குழுவாயினும் சற்று யோசிக்கலாம்.

பாரிஸ் ஒலிம்பிக்குடன் ஓய்வுபெற்ற ஸ்ரீஜேஷ், அதன்பின் இந்திய இளையோர் குழுவின் பயிற்சியாளரானார். 2025ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கிண்ணம் நடைபெற்றது. முதன்முறையாக 24 நாடுகள். காலிறுதியில் பெல்ஜியத்துடன் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலையில் முடிந்து, தனித்தனியே மோதும் கட்டத்துக்கு வந்தது. பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்க, கோல்கம்பங்களுக்கிடையே பிரின்ஸ்தீப் சிங் என்னும் இளம் காப்பாளர் நின்றார். அவருடைய தடுப்புகளின் துணையால் இந்தியா வென்றது. அரையிறுதியில் ஜேர்மனியிடம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் ஆர்ஜன்டீனாவிடம் இரண்டு கோல்கள் பின்தங்கி, இறுதிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் போட்டு வென்றார்கள். பதக்கம் பெற்ற பிள்ளைகளுள் எவர் மேலே செல்வார், எத்தனை ஆண்டில் செல்வார் என்று அன்று சென்னையில் எவராலும் சொல்லியிருக்க முடியாது; கொழும்பில் பதினெட்டு வயதில் முதலாட்டம் ஆடிய பயிற்சியாளராலும் முடிந்திராது.